தெருவில் நடக்கும் காவல்

எமது பள்ளி மாணவரிடம், "பொலிஸ்காரர் என்ன வேலை செய்கிறார்?" என்று வினவினால், "கள்ளரைப் பிடிக்கிறார்" என்ற விடை நொடிப்பொழுதில் வந்துவிடும். அதே வினாவைப் பெற்றோரிடம் கேட்டால் சிறிது மௌனம் நிலவும், பின்னர், "அவர்களோடு எங்களுக்கு என்ன அலுவல்?" என்ற மறுமொழி வரும். முதல் விடை தொலைக்காட்சி தந்தது. இரண்டாவது விடை நாம் விட்டு வந்த மண் தந்தது. ஈஸ்ட்ஹாமிலோ, ஹரோவிலோ, ரூட்டிங்கிலோ எமது வீட்டு வாசலைக் கடந்து நடந்து செல்லும் சாதாரணக் கொன்ஸ்டபிளின் தொழிலை இவ்விரண்டு விடைகளும் சரியாக விளக்கவில்லை. அத்தொழில் எவ்வாறு தோன்றியது, இன்று எவ்வாறு நடைபெறுகின்றது, அதிலே எமக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே படிக்கத்தக்க முறையில் ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை ஒரு காவலர் பொறுப்பேற்று, அதன் தெருக்களைக் கால்நடையாகச் சுற்றி வருவதை ஆங்கிலத்தில் 'பீற்' என்பர். தமிழிலே இதனைச் சுற்றுக்காவல் எனலாம். இது எமக்குப் புதிய செய்தியன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியிலே, மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றி மதுரைத் தெருக்களில் திரிந்து கள்வரைத் தேடும் ஊர்காவலர் பேசப்படுகின்றனர். உயர்வகுப்பு மாணவர் அப்பகுதியைத் தேடிப் படித்தல் நன்று. ஆயினும் அக்காவலர் அம்பு ஏந்தியவர். நாம் இங்கே பேசப் புகும் காவலரோ துப்பாக்கியின்றி நடப்பவர். அந்த வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிய நாம் 1829ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டிலே உள்துறை அமைச்சராக இருந்த றொபேட் பீல் என்பார் இலண்டன் மாநகரப் பொலிசை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார். செப்ரெம்பர் 29ஆம் திகதி மாலை முதலாவது சுற்றுக்காவலர்கள் தெருவில் இறங்கினர். வோட்டர்லூப் போரில் பங்குபற்றிய இராணுவ அதிகாரியாகிய சார்ள்ஸ் றோவன், அயர்லாந்தில் பிறந்த வழக்கறிஞராகிய றிச்சேட் மேய்ன் ஆகிய இருவரும் முதல் ஆணையாளர்களாக நியமனம் பெற்றனர். றொபேட் என்னும் பெயரின் செல்லவடிவமே 'பொபி'. அதனாலேயே இன்றும் ஆங்கிலேயர் பொலிஸ்காரரைப் 'பொபி' என்று அழைக்கின்றனர்.

இலண்டன் நகரம் பதினேழு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு 16 சார்ஜன்டுகள்; ஒரு சார்ஜன்டுக்கு ஒன்பது கொன்ஸ்டபிள்கள்; ஆகவே ஒரு பிரிவுக்கு எத்தனை கொன்ஸ்டபிள்கள் என்பதை நாலாம் வகுப்பு மாணவர் கணக்கிட்டுக்கொள்க. சேர விரும்புவோர் 35 வயதுக்கு உட்பட்டவராகவும், ஐந்து அடி ஏழு அங்குலத்துக்குக் குறையாத உயரமுடையவராகவும், எழுத வாசிக்கத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். சம்பளம் நாளொன்றுக்கு மூன்று சிலிங். முதலாம் இலக்கத்தைப் பெற்ற கொன்ஸ்டபிள் குடிபோதையில் காணப்பட்டமையால் முதல் நாளிலேயே வேலைநீக்கம் செய்யப்பட்டார் என்பதையும் ஒளிக்காமற் சொல்லி வைப்போம்.

சீருடையின் நிறமும் ஆழ்ந்து எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டதேயாம். அக்காலத்து ஆங்கிலேயப் படைவீரர் சிவப்பு மேலங்கி அணிவர். அவர்களைப் பார்த்தாலே பொதுமக்கள் அஞ்சினர். ஆகையால் பொலிசாருக்கு நீல நிற நீண்ட கோட்டும் சாதாரணக் கனவான்கள் அணியும் உயர்ந்த தொப்பியும் கொடுக்கப்பட்டன. கையிலே ஒரு மரக்கட்டை, அதுவும் கோட்டுக்குள் மறைத்து வைக்கப்பட வேண்டும். ஆபத்து வந்தால் ஒலியெழுப்ப ஒரு கிலுகிலுப்பை. இராணுவம் போலத் தோன்றக்கூடாது என்பதே நோக்கம். குற்றம் நடந்த பின்னர் தண்டிப்பதிலும் பார்க்க, நடவாமல் தடுப்பதே முதற் கடமை என்று அவர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தப்பட்டது.

அந்தப் பழைய சுற்றுக்காவலரின் வேலைநாளை இன்று நினைத்தாலும் கால் வலிக்கும். மணிக்கு இரண்டரை மைல் என்னும் ஒரே சீரான வேகத்தில் அவர் நடக்க வேண்டும். விரைந்து நடந்தால் ஒன்றும் கண்ணிற் படாது. மெதுவாக நடந்தால் சுற்று முடியாது. பகலிலே வீதியோரமாக, வண்டிகளையும் மக்களையும் பார்க்கும் வண்ணம் நடப்பார். இரவிலே வீட்டுச் சுவரோரமாக நடந்து ஒவ்வொரு கதவையும் யன்னலையும் தள்ளிப் பார்ப்பார். பூட்டப்படாத கடைக்கதவு ஒன்றை அவர் கவனியாது விட்டு, காலையில் அங்கே களவு போயிருப்பது தெரிந்தால், பழி அவர் தலையிலே விழும். இவ்வாறு நடந்து வருகையில் சார்ஜன்ட் குறித்த நேரத்தில் குறித்த மூலையில் வந்து நின்று அவரைச் சந்திப்பார். அங்கே காணாவிடின் கேள்வி எழும். மழையாயினும் பனியாயினும் இந்த ஒழுங்கு மாறாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர்களுக்குக் கிடைத்தது. தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட 1887 வரை இருக்கவில்லை.

இத்துணை பாடுபட்டும் மக்கள் அவர்களை விரும்பினரா எனில், இல்லை. இதனைப் பெற்றோர் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டுகின்றோம். ஆங்கிலேயர் பிறவியிலேயே பொலிசை நம்புகின்றவர்கள் என்றும், எமக்கு மட்டுமே அந்த அச்சம் உண்டு என்றும் நாம் எண்ணுவதுண்டு. 1833ஆம் ஆண்டு மே மாதத்திலே கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்னும் இடத்தில் நடந்த அரசியற் கூட்டமொன்றைப் பொலிசார் கலைத்தபோது றொபேட் கல்லி என்ற கொன்ஸ்டபிள் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணையில் அமர்ந்திருந்த யூரிமார், அக்கொலை நியாயப்படுத்தத்தக்கது என்று தீர்ப்பளித்தனர்! அந்த யூரிமார் வேறு எவருமல்லர். அப்பகுதியிலே கடை வைத்திருந்த, தொழில் செய்துவந்த சாதாரண இலண்டன் மக்களே. பொலிசு என்பது அரசாங்கத்தின் ஒற்றர்படை என்பதே அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணம் மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. அதே முகம் அதே தெருவில் ஒவ்வொரு நாளும் நடந்து, காணாமற்போன பிள்ளையைத் தேடிக் கொடுத்து, வெறிகாரரை வீட்டிலே சேர்த்து, தீப்பற்றிய வீட்டின் கதவைத் தட்டி, மெல்ல மெல்லத் தேடிக்கொண்ட நம்பிக்கையே அது.

இந்த இடத்திலே, எமது நாட்டில் ஏன் அவ்வாறு நிகழவில்லை என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பிரித்தானியர் தமது சொந்த நகரத்துக்கு அமைத்த பொலிஸ் முறையைத் தமது குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டு செல்லவில்லை. அங்கெல்லாம் அவர்கள் பெரும்பாலும் பின்பற்றியது அயர்லாந்திலே மக்களை அடக்கி ஆள்வதற்கு உருவாக்கிய முறையையே. துப்பாக்கி ஏந்தி, பாசறையிலே கூடி வாழ்ந்து, ஊர் மக்களுக்கன்றி மேலே உள்ள ஆட்சிக்கே பதில் சொல்லும் படை அது. இலங்கைப் பொலிசின் அடிப்படைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. ஆட்சி கைமாறிய பின்னரும் அந்த அமைப்பின் எலும்புக்கூடு மாறவில்லை. மக்களின் மொழி தெரியாத காவலர், சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, அடையாள அட்டையை நீட்டியபடி வெயிலில் வரிசையாக நிற்றல் என்பவற்றை இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்வோம். உங்கள் அப்பாவோ அம்மாவோ சீருடையைக் கண்டதும் வீதியின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தால், அது கோழைத்தனமன்று. அவர்களை உயிரோடு இங்கு கொண்டுவந்து சேர்த்த பழக்கங்களுள் அதுவும் ஒன்று.

இனி இலண்டன் கதைக்கு மீள்வோம். 1880களின் நடுவில் கிலுகிலுப்பை போய் ஊதுகுழல் வந்தது. 1919இல் பெண்களும் மாநகரப் பொலிசிற் சேர்க்கப்பட்டனர். எனினும் கைதுசெய்யும் அதிகாரம் அவர்களுக்கு 1923இலேதான் கிடைத்தது. 1929 தொடக்கம் நகரமெங்கும் நீல நிறப் பொலிஸ் பெட்டிகள் நிறுவப்பட்டன. 'டொக்ரர் ஹூ' தொடரைப் பார்க்கும் எமது சிறார் அப்பெட்டியை நன்கு அறிவர். ஆனால் அது விண்வெளியில் பறப்பதற்குக் கட்டப்பட்டதன்று! அதனுள்ளே ஒரு தொலைபேசியும் சிறிய மேசையும் இருக்கும். நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் உச்சியில் உள்ள விளக்கு மின்னும். சுற்றில் இருக்கும் கொன்ஸ்டபிள் அதைக் கண்டு உள்ளே சென்று பேசுவார். அங்கேயே தமது ரொட்டியை உண்பார், அறிக்கை எழுதுவார், பிடிபட்டவரை வண்டி வரும்வரை அடைத்து வைப்பதும் உண்டு. பொதுமக்களும் வெளிப்புறத்துச் சிறு கதவைத் திறந்து தொலைபேசியில் உதவி கேட்கலாம்.

1960களிலே கையடக்க வானொலி வந்தது. பெட்டிகள் தேவையற்றுப் போயின. அதே காலத்திலே சிறிய பொலிஸ் கார்களும் வந்தன. நடந்து திரிந்தவர் காரில் ஏறினார். அழைத்த இடத்துக்கு விரைந்து செல்ல முடிந்தது உண்மையே. ஆனால் காரில் வருபவர் சண்டை நடக்கும் வீட்டை மட்டுமே காண்கிறார்; சண்டையில்லாத நூறு வீடுகளை அவர் காண்பதில்லை. எமது கருத்தில், இந்தத் தொழிலுக்கு நேர்ந்த மிகப்பெரிய இழப்பு அதுவே. அறிமுகம் போனது; அறிமுகம் போன இடத்தில் ஐயம் புகுந்தது.

1981ஆம் ஆண்டு ஏப்ரலில் தென் இலண்டனிலே பிரிக்ஸ்டன் பகுதியில் பொலிசார் சில நாள்களுக்குள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தெருவிலே மறித்தனர். மறிக்கப்பட்டோருட் பலர் கறுப்பின இளைஞர். ஊர் தீப்பற்றியது. அதனை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை, பொலிசார் அப்பகுதி மக்களோடு கலந்து பேசும் பழக்கத்தை இழந்துவிட்டமையை எடுத்துக்காட்டியது. மறித்துச் சோதிப்பதற்கு எல்லை வகுத்த சட்டம் 1984இல் இயற்றப்பட்டு 1986இல் நடைமுறைக்கு வந்தது. 1993இல் ஸ்ரீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின மாணவர் இனவெறியரால் கொல்லப்பட்டதும், அவ்வழக்கைப் பொலிசார் கையாண்ட முறையிலே நிறுவன ரீதியான இனவாதம் இருந்ததென 1999இல் மக்பேர்சன் அறிக்கை கூறியதும் இந்நாட்டு வரலாற்றிலே மறக்கவொண்ணாதவை. இந்த உரிமைகளுக்காகத் தெருவில் நின்றவர்களும் வழக்காடியவர்களும் எமக்கு முன்னர் இங்கு வந்த கரிபியன், ஆசிய மக்களே. நாம் அவர்கள் நட்ட மரத்தின் நிழலில் நிற்கின்றோம்.

இவற்றின் பயனாகவே சுற்றுக்காவல் மீண்டும் தெருவுக்கு வந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் சமூக உதவி உத்தியோகத்தர் என்னும் புதிய பதவியை உருவாக்கியது. 2004 தொடக்கம் இலண்டனில் வட்டாரத்துக்கு ஒரு குழு என்னும் முறை பரவியது. ஒரு சார்ஜன்ட், இரு கொன்ஸ்டபிள், மூன்று உதவி உத்தியோகத்தர் என்பது அன்றைய கணக்கு. பின்னர் வந்த செலவுக் குறைப்பில் அந்தக் குழுக்கள் மெலிந்தன. பல பொலிஸ் நிலையங்களின் முன்வாசல்களும் மூடப்பட்டன. வட்டாரத்துக்குக் குறைந்தது இரு கொன்ஸ்டபிளும் ஓர் உதவி உத்தியோகத்தரும் என்று இப்போது சொல்லப்படுகின்றது. சொல்லப்படுவதெல்லாம் தெருவிலே காணப்படுவதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

எமது பள்ளியிலே தமிழ் படித்து, இப்பொழுது வட்டாரக் கொன்ஸ்டபிளாகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் உளர். அவருடைய வேலைநாளைப் பற்றி வினவியபோது, "சேர், கள்ளனைப் பிடிக்கிறது இருக்கட்டும், முதலிலை நல்ல சப்பாத்து வாங்க வேணும்" என்றார். அவர் கூறியவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

காலை ஏழு மணியளவில் வேலை தொடங்கும். சார்ஜன்ட் முதல்நாள் இரவு நடந்தவற்றை வாசிப்பார். எந்தத் தெருவில் கார் உடைக்கப்பட்டது, எந்த முதியவர் காணாமற் போனார், எந்த மாடிக்கட்டிடத்தின் படிக்கட்டில் போதைப்பொருள் விற்கப்படுவதாக முறைப்பாடு வந்தது என்பன குறிக்கப்படும். பின்னர் வானொலியையும் மார்பிலே பூட்டும் ஒளிப்பதிவுக் கருவியையும் எடுத்து, மின்கலம் நிரம்பியுள்ளதா என்று பார்த்து, கத்திக்குத்துத் தாங்கும் மேலங்கியை அணிந்துகொள்வார். கோடை வெயிலில் அந்த மேலங்கி ஓர் அடுப்பு என்கிறார் அவர். நீட்டி மடக்கும் தடியும் கைவிலங்கும் இடுப்பில் இருக்கும். துப்பாக்கி இல்லை. இந்நாட்டுப் பொலிசாருட் பெரும்பாலோர் இன்றும் துப்பாக்கியின்றியே வேலை செய்கின்றனர்.

முற்பகலில், முதல்நாள் களவு போன வீடுகளுக்குச் செல்வார். களவு பற்றிய எழுத்துவேலை வேறொருவர் செய்திருக்கக்கூடும். இவர் செல்வது அவ்வீட்டார் இரவு உறங்கினரா என்று கேட்பதற்கும், பின்கதவின் பூட்டைப் பார்ப்பதற்கும், அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பதற்குமே. அடுத்துக் கடைத்தெரு. எமது தமிழ்க் கடைகளிலே சிறு களவுகள் நாள்தோறும் நிகழ்கின்றன, முதலாளிமார் முறையிடுவதில்லை. "முறைப்பாடு இல்லையெண்டால் களவும் இல்லை எண்டுதான் கணக்கிலை வரும், சேர். பிறகு ஏன் எங்கடை தெருவுக்குப் பொலிசு வருகுதில்லை எண்டு கேட்பினம்" என்று அவர் சலித்துக்கொண்டார். பின்னர் பூங்காவுக்குச் சென்று, இளைஞர் புதர்களுள்ளே கத்திகளை மறைத்து வைத்துள்ளனரா என்று வரிசையாக நின்று தேடுவர். பலநாளும் வெறுங்கையோடு வருவர். ஒருநாள் ஒரு கத்தி அகப்பட்டால், அன்று யாரோ ஒரு தாயின் பிள்ளை தப்பியது என்று எண்ணிக்கொள்வாராம்.

மூன்று மணிக்குப் பாடசாலை விடும் நேரம். பேருந்துத் தரிப்பிடத்திலே நிற்பது வட்டாரக் கொன்ஸ்டபிளின் முக்கிய வேலை. அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அவர் நிற்பதனாலேதான் ஒன்றும் நடப்பதில்லை. இதற்கிடையில் வேலித் தகராறு, இரவிலே பெருஞ்சத்தமாகப் பாட்டுப் போடும் அயலவர், மனநோயினால் வீதியில் அலையும் ஒருவரை மருத்துவமனையிற் சேர்த்து அங்கேயே நான்கு மணி நேரம் காத்திருத்தல் என்பன வந்துகொண்டேயிருக்கும். நடந்த நேரத்தின் அளவுக்கு எழுதும் நேரமும் உண்டு. குறிப்புப் புத்தகத்திலும் கணினியிலும் எழுதாதது நடக்காததே. வெம்பிளியிலே பெரிய உதைபந்தாட்டம் நடந்தாலோ, நகரத்தின் நடுவே ஊர்வலம் நடந்தாலோ, ஓகஸ்ட் மாதத்து நொட்டிங்ஹில் விழா வந்தாலோ, வட்டாரத்திலிருந்து அவர்களை எடுத்துச் சென்றுவிடுவர். அன்று தெரு வெறுமையாக இருக்கும். கடைக்காரர் மறுநாள் குறைகூறுவர்.

கொன்ஸ்டபிள் என்பவர் சட்டத்தின் கண்ணில் ஒரு சாதாரண ஊழியர் அல்லர். அவர் அரசின் பெயரால் சத்தியப்பிரமாணம் செய்து பதவியேற்கிறார். ஒருவரைக் கைதுசெய்யும் முடிவு அவருடைய சொந்த முடிவு; மேலதிகாரி சொன்னார் என்று கூறி நீதிமன்றிலே அவர் தப்பிக்க முடியாது. இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கமே அவருடைய தோளில் உள்ள இலக்கம். அதனைக் குறித்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் கொண்ட பட்டி தொப்பியில் இருந்தால் அவர் மாநகரப் பொலிசின் முழு அதிகாரமுள்ளவர். நீலப் பட்டி இருந்தால் சமூக உதவி உத்தியோகத்தர். பொலிசாருக்குள்ள கைது அதிகாரம் அவருக்கு இல்லை. ஆயினும் தெருவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பல வேளைகளில் கொன்ஸ்டபிளுக்கும் தெரியாது என்பர்.

உயர்வகுப்பு மாணவர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கே தருகின்றோம். தெருவிலே பொலிஸ்காரர் உங்களிடம் பெயரையும் போகுமிடத்தையும் கேட்கலாம். உங்களைச் சோதிக்க விரும்பினால், பொதுவாக அதற்கு நியாயமான சந்தேகம் இருத்தல் வேண்டும். தோலின் நிறமோ வயதோ மட்டும் அத்தகைய சந்தேகம் ஆகாது. வன்முறை நிகழலாம் என்று ஒரு பகுதியை மேலதிகாரி அறிவித்திருக்கும் வேளைகளில் மட்டும், சந்தேகமின்றியும் சோதிக்கும் அதிகாரம் உண்டு. சோதிப்பவர் தம் பெயரையும் நிலையத்தையும், எதனைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பொது இடத்திலே மேற்கோட்டு, மேற்சட்டை, கையுறை ஆகியவற்றை மட்டுமே கழற்றச் சொல்லலாம். சோதனைக்காகப் பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சோதனையின் எழுத்துப் பதிவைப் பின்னரும், மூன்று மாதங்களுக்குள், கேட்டுப் பெறலாம். ஓடாதீர், கையைத் தட்டிவிடாதீர், இலக்கத்தை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளையைக் குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்கும் சட்டம் இந்நாட்டுச் சட்டம் என்பதைப் பெற்றோரும் அறிதல் நன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டவரை நிலையத்துக்குக் கொண்டு சென்றால், விசாரணையின்போது பெற்றோரோ வேறு தக்க பெரியவரோ உடனிருத்தல் வேண்டும். சட்டத்தரணியின் உதவியும் மொழிபெயர்ப்பாளரும் அங்கே இலவசம்.

பெற்றோருக்கு வேறு சில செய்திகள் உண்டு. எமது வீடுகளிலே தாலிக்கொடியும் காப்பும் இருப்பது கள்ளருக்கு நன்கு தெரியும். திருவிழாக் காலங்களிலும் திருமணக் காலங்களிலும் தமிழர், குஜராத்தியர் வீடுகள் குறிவைக்கப்படுவது பழைய கதை. களவு போன பின்னரும், "எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள்" என அஞ்சி முறையிடாத குடும்பங்களை நாம் அறிவோம். நகையின் படமும் பற்றுச்சீட்டும் இருந்தால் அந்த அச்சம் தேவையில்லை. முறைப்பாட்டு இலக்கம் இல்லாமற் காப்புறுதிப் பணமும் பெறுவது கடினம். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. நடந்து முடிந்தவற்றுக்கு 101. கைத்தொலைபேசியில் 999 அழைத்துப் பேச முடியாத நிலையில் இருப்பவர், கேட்கும்போது 55ஐ அழுத்தினால் அழைப்புப் பொலிசாருக்கு மாற்றப்படும். வீட்டுக்குள்ளேயே அடிபடும் பெண்கள் இதனை அறிந்திருத்தல் மிகவும் வேண்டற்பாலது. ஆங்கிலம் வராதவர், "தமிழ் இன்ரர்பிறிற்றர் பிளீஸ்" என்று மூன்று சொற்களைச் சொன்னாற் போதும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையை இடையில் நிறுத்தி, தாய் பட்ட அடியை அப்பிள்ளையின் வாயினாலேயே பொலிசாருக்குச் சொல்ல வைக்கும் கொடுமை எமது வீடுகளிலே இனி நடக்கலாகாது. குடிவரவு வழக்கு முடியாதோர் தங்கள் தயக்கத்தைச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே பேசித் தெளிதல் நன்று; பொலிசும் குடிவரவுத் திணைக்களமும் வெவ்வேறானவை எனினும், தகவல் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் உண்டு.

இந்தப் பொலிசு குறையற்றது என்று நாம் எழுதவில்லை. 2021இல் மாநகரப் பொலிஸ்காரர் ஒருவரே தம் அடையாள அட்டையைக் காட்டி ஓர் இளம்பெண்ணை ஏமாற்றிக் கடத்திக் கொலை செய்தார். 2023இல் கேசி சீமாட்டியின் அறிக்கை, மாநகரப் பொலிசிலே இனவாதமும் பெண்வெறுப்பும் இன்னும் வேரூன்றியிருப்பதாகக் கடுமையாகக் கூறியது. ஆகவே, சாதாரண உடையில் தனியே வரும் ஒருவர் தம்மைப் பொலிஸ் என்று சொன்னால், அவர் உண்மையானவர்தானா என்பதை வானொலி வாயிலாகவோ வேறு வழியாகவோ உறுதிப்படுத்துமாறு கேட்க எமது பெண்பிள்ளைகளுக்கு உரிமை உண்டு; ஐயம் தீராவிடின் 999 அழைக்கலாம். அதே அறிக்கை, தெருவிலே நடக்கும் காவல் புறக்கணிக்கப்பட்டமையையும் ஒரு பெருங்குறையாகக் காட்டியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் அங்கு வாழ்வோரைக் கொண்ட ஒரு குழு உண்டு. அது குறித்த காலத்துக்கு ஒருமுறை கூடி, தம் வட்டாரக் கொன்ஸ்டபிள்கள் முதலிற் கவனிக்க வேண்டிய மூன்று அலுவல்களைத் தீர்மானிக்கும். இத்துணை பெரிய உரிமை இத்துணை சிறிய கூட்டத்திடம் இருப்பது பலருக்குத் தெரியாது. வருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆங்கிலேய முதியோர். அவர்கள் தங்கள் தெருவில் நாய் அசுத்தம் செய்வதைப் பற்றிப் பேசினால், அதுவே மூன்றில் ஒன்றாகிவிடும். எமது பள்ளி நடைபெறும் வட்டாரத்தின் கூட்டத்துக்குச் சென்ற மாரியிலே எமது தாய்மாருள் ஒருவர் சென்றிருந்தார். பள்ளி விட்டு வரும் வழியில், தொடருந்துப் பாலத்தின் கீழுள்ள இருண்ட ஒழுங்கையில் சங்கிலி அறுக்கப்படுவதையும் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகள் பறிக்கப்படுவதையும் எழுதிக்கொண்டு போய் வாசித்தார். அது மூன்றாவது அலுவலாக ஏற்கப்பட்டது. சனிக்கிழமைகளில் பன்னிரண்டரை மணிக்கு இப்போது இரு கொன்ஸ்டபிள்கள் சைக்கிளோடு அங்கே நிற்கின்றனர். உதைபந்தாட்டம் உள்ள சனிக்கிழமைகளில் மட்டும் காணோம். அடுத்த கூட்டத்தின் திகதியும் அவ்விருவரின் பெயர்களும் பள்ளி அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது பொலிசின் வேலையன்று, நகரசபையின் வேலை. அதற்கான விண்ணப்பம் அலுவலக மேசையிலே கையொப்பத்துக்காக வைக்கப்பட்டிருக்கின்றது.